அழிக்காமல் விட்ட வாத்து

தொலைக்காட்சி நிலையத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து இயக்குநர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் ரப்பர் அண்ணன்தான். ஒளிபரப்பி முடித்த கேசட்டுகளைச் சுத்தமாக அழித்து, மறுபடி பதிவு செய்யத் தோதாக்கிக் கொடுப்பது அவருடைய உத்தியோகம். "அழிக்கிறதுக்கு ஒரு ஆளா, அதுக்கு ஒரு சம்பளமா?" என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும், நமக்கென்ன! அந்தக் காலத்தில் ஒரு கேசட் செங்கல் கனம் இருந்தது. புதிது வேண்டும் என்று எழுதிப்போட்டால் ஆறு மாதம் கழித்துக் கேட்டதில் பாதி வரும். நேற்றைய நாடகத்தை அழித்தால்தான் நாளைய பந்தாட்டத்தைப் பதிய முடியும். அதனால் அழித்தார்கள். அதோடு என்னவெல்லாம் போகிறது என்று யாரும் நின்று யோசிக்கவில்லை.

தரைத்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறை. அதில் இரும்பு மேஜை மாதிரி ஒரு காந்த இயந்திரம். கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். ஒரு தடவை மறந்துபோய் நல்ல கடிகாரம் ஒன்று செத்தே போனது. கேசட்டை மேலே வைத்து மெல்ல ஒரு சுற்று, புரட்டிப் போட்டு இன்னொரு சுற்று, கை நீளத்துக்கு அப்பால் இழுத்த பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் இயந்திரம் கொதிக்கும், அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும். முடிந்ததும் கேசட்டின் முதுகில் 'சுத்தம்' என்று முத்திரை, பதிவேட்டில் தேதி, கையெழுத்து. முப்பத்தைந்து வருடம் இதே வேலை. ஓய்வு பெற்ற நாளில் 'பிழையில்லாப் பணி' என்று பொறித்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை அவர் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். யார் கேட்டாலும் தூசி படியும் என்பார்.

அவர் மனைவி அதே நிலையத்தில் தட்டச்சர். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு நாள் பிள்ளைகள் நிகழ்ச்சிக்குக் குரல் கொடுக்க வேண்டியவர் வரவில்லை. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பேசத்தானே ஆள் வேணும்? நான் பேசறேன்" என்று இவள் வலது கையில் துணி வாத்தை மாட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்க் குந்தினாள். ஐந்து வருடம் அங்கேதான். 'வாத்து வீடு', சாயங்காலம் ஐந்து மணி. யார் எதைச் சொன்னாலும் அந்த வாத்து கழுத்தைச் சாய்த்து, "அது ஏனாம்?" என்று கேட்கும். மழை வருதா? அது ஏனாம்? பல் தேய்க்கணுமா? அது ஏனாம்? நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஏனாம், ஏனாம் என்று பெற்றவர்களின் உயிரை எடுத்தன. நிகழ்ச்சி முடிந்து ஓடும் பெயர்ப்பட்டியலில் விளக்கு தூக்கியவர் பெயர்கூட வரும். அவள் பெயர் வராது. அலுவலகக் காகிதத்தில் அவள் தட்டச்சர். தட்டச்சருக்கு எதற்குப் பெயர்?

ஒரு நாள் சுத்தம் செய்த கேசட்டைக் கொடுக்கப் போன ரப்பர் அண்ணன், தெரியாமல் மேஜைப் பக்கம் காலை வைத்துவிட்டார். "யோவ், காலை எடு! வாத்தோட வாலை மிதிக்கிறே" என்று அடியிலிருந்து ஒரு அதட்டல் வந்தது. அந்த அதட்டலில் விழுந்தவர்தான், மனிதர் எழுந்திருக்கவே இல்லை. எட்டு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

அவள் நிறைமாதமாகி விடுப்பில் போனதும் நிகழ்ச்சி நின்றது. அடுத்த வாரமே உத்தரவு வந்தது: 'வாத்து வீடு' கேசட்டுகள் முழுவதையும் அழித்து, வானிலைப் பிரிவுக்குக் கொடுக்கவும். வீட்டுக்கு வந்து சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கட்டின பொண்டாட்டியையே அழிக்கப் போறீங்களா? நல்லா அழுத்தித் தேயுங்க. கொஞ்சம் மிச்சம் வச்சாலும் திரும்பி வந்து ஏனாம்னு கேப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். வேறு என்ன செய்வார்கள்? இது போனால் இன்னொரு நிகழ்ச்சி வரும், இன்னொரு வாத்து வரும் என்றுதான் நினைத்தார்கள். பதிவேட்டுக் கணக்கில் மூன்று வாரம் அவர் தன் கையாலேயே, நாளுக்கு ஐந்தாறாக, அவளைச் சுத்தம் செய்தார்.

பதினான்கு மாதம் கழித்து, மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய நேரத்தில், அவள் தொண்டையில் கட்டி வந்தது. கட்டியோடு குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார் மருத்துவர். உண்மைதான். அதற்காக ரப்பர் அண்ணன் அன்றிலிருந்து இன்றுவரை நன்றி சொல்லாத நாள் இல்லை. ஆனாலும் வீட்டில் சத்தமாகச் சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் போனது. தொண்டையில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு வாக்கியம் பேசிப் பார்த்துவிட்டு, "இது நான் இல்லை" என்று எழுதிக் காட்டி, அலமாரிக்குள் போட்டவள்தான். அதற்குப் பிறகு கழுத்தில் மாட்டிய ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில். சமையலறையிலிருந்து பாத்திரத்தில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் வா என்று அர்த்தம், இரண்டு தட்டினால் சாப்பாடு, மூன்று தட்டினால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை.

குரல் எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று தேடினார்கள். கல்யாணத்துக்குப் புகைப்படம் மட்டும்தான். டேப் ரெக்கார்டர் வாங்கலாம் என்று இருந்த வருடம், குழந்தையின் பாலுக்காகக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிவிட்டார்கள். ஆக, அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்தக் கேசட்டுகள். அவற்றை அழித்த கை இவருடையது. "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று மகள் ஏழு வயதில் கேட்டாள், பன்னிரண்டில் கேட்டாள், அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டபோதெல்லாம் அவர், "நல்லா கணீர்னு இருக்கும்மா" என்பார். அதற்கு மேல் சொல்லத் தெரியாது. ஒரு குரலை எப்படி ஐயா வாயால் சொல்லிக் காட்டுவது?

மகளுக்கு இப்போது முப்பத்தொரு வயது, மருந்துக்கடையில் வேலை. போன மாதம் ஒரு மதியம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். கையில் கைபேசி.

"அம்மா, இதைப் பாரேன். இது உன் வாத்துதானே?"

ஒன்றரை நிமிடப் படம். நிகழ்ச்சி முடியும் இசை, பெயர்ப்பட்டியல், அதற்கு மேலே வாத்து ஒன்று இறக்கையை ஆட்டி விடைபெறுகிறது. பேச்சு இல்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய வலது கை மடியிலிருந்து தானாக மேலே வந்தது. நான்கு விரல் ஒன்றாக, கட்டைவிரல் கீழே, மணிக்கட்டு லேசாகச் சாய்ந்து. முப்பது வருடம் கழித்தும் கைக்கு மறக்கவில்லை. பிறகு பென்சிலை எடுத்து எழுதினாள்: "இன்னும் இருக்குமா?"

ரப்பர் அண்ணன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். படத்தைக் கண்டுபிடித்து இணையத்தில் போட்டது, அங்கே பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றும் பெண். நாற்பதை நெருங்கும் வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வானிலைச் செய்தி பத்து நிமிடம், அதனால் ஒவ்வொரு கேசட்டிலும் முதல் பத்து நிமிடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவளுக்கு உத்தரவு. அன்றைக்கு ஓடியது புயல் நாள் கேசட். செய்தி பதினெட்டு நிமிடத்துக்கு நீண்டிருந்தது. அது ஓடும்போதே பையன் வீட்டுக்கணக்குப் புரியவில்லை என்று கூப்பிட, பேசிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டாள்.

"திரும்பி வந்து பார்க்கறேன், 'நன்றி' அட்டையெல்லாம் போய், இரைச்சல் போய், வாத்து டாட்டா காட்டுது! எனக்கு ஏழு வயசுல உசிரே அந்த வாத்துதான் அண்ணே. அப்படியே உக்காந்து அழுதுட்டேன்."

ரப்பர் அண்ணனுக்குச் சுருக்கென்றது. நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எல்லாருக்கும் சொல்லிக் கொடுப்பது ஒன்று: 'நன்றி' அட்டை வந்ததும் கேசட்டை வெளியே எடு. அதற்கு மேல் ஓட்டினால் இயந்திரம் தேயும். மனைவியின் அறுவை சிகிச்சை முடிந்த மாதம், அவர் யாருக்கும் தெரியாமல் வானிலை அலமாரியிலிருந்து மூன்று கேசட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். மூன்றிலும் வானிலை. மூன்றிலும் 'நன்றி' அட்டை வந்தது, கை தன்பாட்டுக்குப் பொத்தானை அமுக்கி வெளியே எடுத்தது. எல்லாம் போயிற்று என்று அன்றைக்கு முடிவு கட்டியவர். வாத்து வீடு இருபது நிமிடம், வானிலை பத்து நிமிடம். மிச்சப் பத்து நிமிடத்தை அவர் கையிலேயே வைத்திருந்து, திருப்பி அலமாரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்! அடப் பாவி மனுஷா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

பிரிவு அதிகாரி நல்லவர்தான், ஆனால் காகிதத்தைத் தாண்டி நகராதவர். மேஜைமேல் பழைய பதிவேடு திறந்திருந்தது.

"ஒண்ணு ஏதோ தப்பிச்சிருக்கு. மத்ததுல எல்லாம் சுத்தம்னு முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. உங்க கையெழுத்துதானே அண்ணே? வியாழக்கிழமை வண்டி வருது, நானூறு கேசட்டையும் நொறுக்கப் போறாங்க. ஒவ்வொண்ணையும் கடைசி வரைக்கும் ஓட்டணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். அழிச்சதுல என்ன இருக்கப் போகுது?"

காரணம் ரப்பர் அண்ணனிடம் இருந்தது. முப்பத்தொரு வருடமாக இருந்தது. பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த முத்திரை பொய் சார்."

"என்னது?"

"பதினொரு வாரம் சார். மெஷின் எரிஞ்சு போச்சு. நான்தான் எரிச்சேன். ஒரு நாள் மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஆஸ்பத்திரியிலேருந்து போன், பொண்ணு பொறந்திருக்கான்னு. அப்படியே ஓடிட்டேன், அணைக்கலை. மூணாம் நாள் வந்து பார்த்தா ஒரே தீய்ஞ்ச வாடை. அப்ப எனக்கு வேலை நிரந்தரம் ஆகலை. கைக்குழந்தை வேற. சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். தினமும் கேசட்டை உள்ள எடுத்துட்டுப் போவேன், சும்மா உக்காந்திருப்பேன், முத்திரை குத்தி வெளிய கொண்டாந்து குடுப்பேன். புது மெஷின் வர்ற வரைக்கும் ஒண்ணைக்கூட அழிக்கலை. வாத்து கேசட்டுல பாதி அப்ப வந்ததுதான்."

கேடயம் கொடுத்த மேடையில் கைதட்டியவர்களில் இந்த அதிகாரியும் ஒருவர். ரப்பர் அண்ணன் தலையைத் தூக்கவில்லை. அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார், தேதிகளைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதறேன் சார். பென்ஷனை நிறுத்தினாலும் சரி. வண்டியை மட்டும் நிறுத்துங்க."

"பென்ஷனை யாரு நிறுத்தப் போறா? ஊர்ல எல்லாரும் வேலையைச் சரியா செஞ்சதுலதான் எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று அதிகாரி வெள்ளைத்தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் மகள் படியில் நின்றுவிட்டாள். "நான் பொறந்ததாலயாப்பா?" என்றாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் நடுப்படியில், ஆள் போகிற வருகிற இடத்தில், அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூக்கும் ஒழுகியது.

வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விடமுடியாது. மனைவி முழுவதையும் கேட்டுவிட்டு, எழுந்து சமையலறைக்குப் போய், பாத்திரத்தில் மூன்று முறை ஓங்கித் தட்டினாள். தட்டிவிட்டு வந்து, பென்சில் முனை உடையும்படி எழுதினாள்: "முப்பத்தொரு வருஷம் இதையா மனசுல போட்டுப் புழுங்கினீங்க? என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" அவள் தாளைக் கிழித்துவிட்டு, அடுத்த தாளில் எழுதினாள்: "நல்லவேளை எரிச்சீங்க." பிறகு சோறு போட்டாள்.

அந்தப் பதினொரு வாரத்துக் கேசட்டுகளில் அலமாரியில் மிச்சமிருந்தவை நாற்பத்திரண்டு. ரப்பர் அண்ணன் நான்கு நாள் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தார். முதல் காரியமாக ஒலியை முழுவதும் குறைக்கச் சொன்னார்.

"ஏன் அண்ணே? கேக்க ஆசையா இல்லையா?"

"ஆசைதான். ஆனா அதை முதல்ல கேக்க வேண்டியவ நான் இல்லைம்மா. என் பொண்ணும் அவ அம்மாவும் கேக்கட்டும். படத்தை மட்டும் பாத்துப் பிரிச்சு வைப்போம்."

ஊமைப்படமாகவே ஓட்டினார்கள். பலவற்றில் ஒன்றும் இல்லை. வேறு எதையோ பதிந்து பதிந்து கடைசி வரை நிரப்பிவிட்டிருந்தார்கள். ஒன்றில் பாதிப் பந்தாட்டம், ஒன்றில் பல் மருத்துவர் ஒருவர் நீளமாக எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். முதல் நாள் முழுக்க வாத்தே இல்லை. மதியத்துக்கு மேல் ரப்பர் அண்ணன் மிச்சக் கேசட்டுகளை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அந்தப் பெண்தான், "இருங்க அண்ணே, இன்னும் எத்தனையோ இருக்கு" என்று பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் காலையில் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு அலகு வந்தது. நான்காம் நாள் முடிவில் மொத்தம் ஒன்பது. எல்லாம் கதையின் பின்பாதி. எந்தக் கதை எப்படித் தொடங்கியது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. இருக்கட்டும், பின்பாதி கிடைத்ததே பெரிய பாக்கியம்.

"அம்மா, அன்னிக்கு நீ மறந்து சாப்பிடப் போனியே, அதுக்கே உனக்குக் கோடிப் புண்ணியம்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, என்ன அண்ணே நீங்க! என் பையனுக்குச் சொல்லுங்க. அவனுக்குக் கணக்கு வராததாலதானே இது கிடைச்சுது" என்றாள் அவள்.

ஐந்தாம் நாள் மனைவியும் மகளும் வந்தார்கள். மறு ஒளிபரப்பில் பெயர் போட வேண்டும் என்று அதிகாரி தாள் கொடுத்தார். மனைவி தன் பெயரை முழுத்தாளையும் அடைத்து எழுதிக் கொடுத்தாள். இனி யாரும் விட்டுவிடக் கூடாது அல்லவா!

சின்ன அறை, நான்கு நாற்காலி. படம் ஓடியது. கழுத்தைச் சாய்த்து வாத்து, "அது ஏனாம்?" என்றது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பெண் சிரித்தாள். மனைவியின் உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை. ரப்பர் அண்ணனுக்குக் கண் மறைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஓடின. நான்காவதில் மகளின் சிரிப்பு மெல்லக் குறைந்ததை அவர் கவனித்தார். ஏன் என்று அவருக்குப் புரிந்தது. கீச்சுக்கீச்சென்று பேசுவது வாத்து. அவள் கேட்க வந்தது வாத்தை அல்ல. மனைவிக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் மகளின் முழங்காலில் கை வைத்து, நோட்டில், "என் குரல் இவ்வளவு மோசம் இல்லை" என்று எழுதிக் காட்டினாள். மகள், "பரவாயில்லைம்மா, இதுவே எனக்குப் போதும்" என்றாள். பொய்தான். ஆனால் நன்றியோடு சொன்ன பொய்.

ஐந்தாவது கேசட். கதை முடிந்தது, இசை முடிந்தது, வாத்து மேஜைக்குக் கீழே இறங்கியது. திரை கறுத்தது. பதிவில் கடைசியாக அரை நிமிடம் கறுப்பு விடுவது நிலையத்தின் வழக்கம். ஒளிபரப்பில் அது வராது. படம் மட்டும் பார்த்துப் பிரித்தபோது ரப்பர் அண்ணன் அந்தக் கறுப்பை ஒன்பது முறையும் தாண்டி வந்திருக்கிறார். இந்த முறை ஒலிவாங்கியை மூட யாரோ மறந்திருந்தார்கள். கறுப்புக்குள்ளிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் பெருமூச்சு விட்டாள்.

"யப்பா, யாராவது கையைக் குடுங்களேன், எழுந்திரிக்க முடியலை."

கணீரென்ற குரல். கொஞ்சம் கனமானது, அடியில் ஒரு சிரிப்பு ஓடுவது. ரப்பர் அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவள் விடுப்பில் போவதற்கு முன் கடைசியாகப் பதிந்த பகுதி. நிறைமாத வயிறோடு மேஜைக்கு அடியில் குந்தியிருந்து செய்தது.

"அம்மாடி! ஏய், உள்ள என்ன பண்றே? இவ்வளவு நேரம் சமத்தா இருந்துட்டு, வாத்து பேசி முடிச்சதும் உதைக்கிறியா? பொறுடி கண்ணு. அம்மாவுக்கு வேலை முடிஞ்சு போச்சு. வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முப்பத்தொரு வயது மகள், கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லும் பழக்கமே இல்லாமல் வளர்ந்தவள், சட்டென்று எழுந்து நின்று, "இதோ வந்துட்டேம்மா" என்றாள்.